பச்சை மண்டலத்தில் வெள்ளம் வராது

அதிகாரிகள் வருகிறார்கள் என்று கேட்டவுடனே மாயாண்டியின் கை சுண்ணாம்பு வாளியைத் தேடிப் போனது. அதில் பாதிதான் அவர் குற்றம். மீதி வளர்ப்பு. சின்னக்கல் தோட்டத்தில் துரை தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைப் பார்வையிட வந்தால் முதல் நாள் சுண்ணாம்பு அடிப்பார்கள். கம்பெனிக்காரர் வந்தால் சுண்ணாம்பு. தேர்தலுக்கு யாராவது வந்தால் சுண்ணாம்பு, கூடவே இரண்டு வாழைமரம். ரப்பர் மரங்கள் போய், கம்பெனி போய், துரை போன திசையே மறந்து, லயத்து வீடுகள் அவரவர் பெயருக்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் சம்பளம் கேட்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மாயாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். தோட்டத்துக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் அவரே. தேர்தலில் போட்டியெல்லாம் இல்லை. தோட்டத்தில் வேன் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

வருகையைப் பற்றிப் போனில் சொன்னவர் சிவானந்தன். ஈப்போவில் வெள்ள அபாய வரைபட வாரியத்தில் பெரிய எஞ்சினியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சில் இன்னும் அந்த வாசம் போகவில்லை. அவருடைய மகள் மாதுமையை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை மாயாண்டிதான் வேனில் ஏற்றி இறக்கினார். அந்தப் பிள்ளை தூங்கிவிட்டால் எழுப்ப மனம் வராமல், மற்ற பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு ஊரைச் சுற்றி வருவார். அந்த நன்றிக்குத்தான் இந்தப் போன் என்று மாயாண்டி நினைத்தார்.

"மாயாண்டி, மாநிலம் முழுக்க வரைபடம் போடுறம். எந்த இடத்தில வெள்ளம் வருதெண்டு. உங்கட வீடுகளைப் பார்க்க ஆக்கள் வருவினம். சிவப்பு விழுந்தால் ஆத்துக்குக் கரை கட்டித் தருவினம்."

கரை! சின்னக்கல் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். மேட்டில் இருந்த ரப்பர் காட்டை அழித்துப் தாமான் என்ற புது வீடமைப்புப் பகுதி கட்டுவதற்காக மண்ணை வெட்டத் தொடங்கியதிலிருந்து, விசாரிப்பு இன்னும் நெருக்கமாகிவிட்டது. மற்றவர்களுக்கு அது மெத்தை, அரிசி, டிவி சம்பந்தப்பட்ட விஷயம். பக்கத்து வீட்டுப் பவித்ரனுக்கு உயிர் சம்பந்தப்பட்டது. லாரி விபத்தில் இடுப்புக்குக் கீழே செத்துப்போய்க் கட்டிலில் கிடப்பவர் அவர். போன வெள்ளத்தில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது, மாயாண்டியும் பவித்ரனின் மனைவி தினேஸ்வரியும்தான் கதவைக் கழற்றி அதன்மேல் அவரைப் போட்டுத் தூக்கினார்கள். அப்போதும் பவித்ரன் வாய் சும்மா இருக்கவில்லை. "மெதுவா லா, சாமி ஊர்வலம் போற மாதிரி இருக்கு, தேங்காய் எங்கே?" என்றார்.

ஆகவே தோட்டமே கூடிச் சுண்ணாம்பு அடித்தது. ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் ஜன்னல் உயரத்துக்கு, வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு, மட்டம் பிடித்து வரைந்ததுபோல் ஓடியது. மாயாண்டிக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பெரிய மனிதர்கள் வரும் நேரத்தில் இதென்ன அழுக்கு? ஒரு பூச்சுக்கு மறையவில்லை. மேலே இன்னொன்று அடித்தார். தினேஸ்வரி வீட்டுக்குள்ளே, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், கோட்டுக்குப் பக்கத்திலேயே கரியால் வருடங்களை எழுதி வைத்திருந்தாள். பவித்ரன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்:

"அண்ணே, அதையும் அடிச்சுவிடுங்க. படுத்தா அந்தக் கோடுதான் கண்ணுக்கு நேரா. தூக்கமே வர மாட்டேங்குது."

மாயாண்டி ஆசையாக அடித்துவிட்டார்.

மறுநாள் வந்த குழுவில் ஒருவர் அளவு நாடாவையும் ஒருவர் கேமராவையும் சுமந்து வந்தார்கள். மூன்றாமவர் ஷாஹ்ருல், புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன், வாரியத்தில் கள அதிகாரி. அவர் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குப் போனார். பிறகு அடுத்தது. வெள்ளையில் கண் கூசியது.

"அண்ணே, தண்ணி வந்த அடையாளம் எங்கே?"

"ஒண்ணுகூட இருக்காது தம்பி," என்றார் மாயாண்டி பெருமையாக. "நேத்தே எல்லாத்தையும் அடிச்சாச்சு லா."

ஷாஹ்ருல் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாயாண்டியின் மனைவி பாப்பா வடைத் தட்டை நீட்டிவிட்டாள்.

வரைபடத்தை ஈப்போவில் ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் வெளியிட்டார்கள். மாயாண்டி கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அது இப்போது ஒரு பொத்தானுக்கு மேல் சம்மதிக்கவில்லை. மேடையில் வாரியத் தலைவர் பேசினார்.

"முன்பெல்லாம் வெள்ளம் வந்த பிறகுதான் அது எங்கே வரும் என்று நமக்குத் தெரியும். என்ன ஒரு பின்தங்கிய நிலை! இனிமேல் வெள்ளம் எங்கே வரலாம் என்பதை வாரியம் முன்கூட்டியே முடிவு செய்யும். சிவப்பு மண்டலத்தை நாங்கள் பாதுகாப்போம். அங்கே யாரும் புதிதாக ஒரு வடிகால்கூடத் திறந்துவிட முடியாது. பச்சை மண்டலத்தில் வளர்ச்சி தங்குதடையில்லாமல் பாயும்."

கைதட்டல். மேடை ஓரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து படத்தைத் திரையில் நகர்த்திக்கொண்டிருந்தது மாதுமை. படித்து முடித்து அப்பாவின் வாரியத்திலேயே வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தாள். மாயாண்டி எழுந்து நின்று கையை ஆட்டினார். அவள் பார்த்தாள். பிறகு குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள். வேலையில் இருக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்துவிட்டோமே என்று மாயாண்டி உட்கார்ந்துகொண்டார்.

திரையில் பேராக் மாநிலம் விரிந்தது. படம் கோலா கங்சாரிலிருந்து வளைந்து இறங்கி வந்து லகாட் பக்கம் நின்றது. சின்னக்கல் தோட்டம் பச்சை. இளந்தளிர்ப் பச்சை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாயாண்டி முதலில் கைகூடத் தட்டிவிட்டார். சற்றுத் தள்ளி, ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக்குட்டை மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. அங்கே வருடம் முழுவதும் தண்ணீர் நிற்பதால் அது மிகக் கடுமையான வெள்ளப் பகுதி என்று வாரியம் கண்டுபிடித்திருந்தது. ஆகவே கரை அந்தக் குட்டையைச் சுற்றிக் கட்டப்படும். குட்டையை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற.

தேநீர் மேசையில் மாயாண்டி சிவானந்தனைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எங்க இடம் பச்சையா இருக்கு சார்."

"ஓம்... ஓம். பச்சைதான்." சிவானந்தன் கேக்கைப் பார்த்தார். "அது பாருங்கோ மாயாண்டி, இதில பல விஷயங்கள் இருக்கு. நிலமட்டம் இருக்கு. பிறகு... தரவு எண்டு ஒண்டு இருக்கு..."

அவர் வார்த்தை தேடித் தவிப்பதைப் பார்த்து மாயாண்டிக்கே பாவமாகிவிட்டது. பிறத்தியார் திக்கினால் எடுத்துக் கொடுக்காமல் அவருக்கு இருக்க முடியாது.

"சார், நாங்க சுண்ணாம்பு அடிச்சிட்டோம். அதனாலயா சார்?"

சிவானந்தன் ஒரு நிமிடம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அதேதான்! சுண்ணாம்பு! ஏன் அடிச்சனீங்கள் மாயாண்டி? தடம் எல்லாம் போயிட்டுதே! நான் எவ்வளவு பாடுபட்டனான் உங்களுக்காக!" என்று தோளில் கைபோட்டார். கை இதமாக இருந்தது. மாயாண்டிக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே!

தோட்டத்தில் செய்தியை அவரே போய்ச் சொன்னார். மறைக்கத் தெரிந்தவரில்லை. அன்று முதல் அவர் பெயர் சுண்ணாம்பு மாயாண்டி. கடையில் வெற்றிலை வாங்கப் போனால்கூட, "அண்ணனுக்குச் சுண்ணாம்பு மட்டும் குடுத்துடாதே லா, நாக்கையே அழிச்சிடுவாரு" என்றார்கள். சிரித்துக்கொண்டார். சிரிக்காமல் இருந்தது தினேஸ்வரி மட்டும்தான். அவள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். துணி காயப்போடும்போது கொடியிடம் சொல்வாள்: "சில பேரு கையைக் கட்டிக்கிட்டு இருந்தாலே புண்ணியம்."

உள்ளேயிருந்து பவித்ரன் சத்தம் போடுவார்: "விடு லா! அண்ணே, எனக்குப் பச்சைக் கலர்ல ஒரு கட்டில் வாங்கிக் குடுங்க. பச்சையில தண்ணி ஏறாதாமே!"

மாயாண்டி வாரியத்துக்கு நடக்க ஆரம்பித்தார். வாரியக் கட்டிடத்தின் கீழ்மாடியில் பெருமழைக்குத் தண்ணீர் நிற்கும். அதனால் மறுபரிசீலனைப் பிரிவை அங்கே வைத்திருந்தார்கள். ஷாஹ்ருல்தான் முகப்பில் இருந்தார். நல்ல பிள்ளை. வடையின் ருசி அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

"அண்ணே, மாத்தலாம். ஆனா புதுசா வெள்ளம் வந்து தடம் விழணும்."

"வரும் தம்பி. மழைக்காலம் வரட்டும்."

"வந்தா நீங்க வெள்ளம்னு புகார் குடுக்க முடியாதுண்ணே. பச்சை மண்டலத்துல வர்றது வெள்ளம் கிடையாது. தற்காலிக நீர் இருப்பு."

"வீட்டுக்குள்ள இடுப்பளவு வந்தா?"

ஷாஹ்ருல் விதியைப் புரட்டினார். "உயரமான தற்காலிக நீர் இருப்பு."

"சரி. பழைய தடம் கீழே இருக்கு தம்பி. சுண்ணாம்பைச் சுரண்டிக் காட்டினா?"

"சுரண்டினா அது குடியிருப்பாளர் உண்டாக்கின தடம்ணே. அதிகாரி கண் முன்னால, தண்ணி நிக்கிறப்போ அளக்கணும். அதுதான் செல்லும்."

"அப்போ தண்ணி நிக்கிறப்போ வாங்க!"

ஷாஹ்ருல் தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணி நிக்கிற இடத்துக்கு அதிகாரிங்க போகக் கூடாதுண்ணே. பாதுகாப்பு விதி."

மாயாண்டி மேல்மாடிக்கு ஏறி சிவானந்தனைப் பார்ப்பார். அவர் ஒருபோதும் காக்க வைத்ததில்லை. காப்பி வரவழைப்பார். "என்ன செய்யிறது மாயாண்டி? நீங்கள் மட்டும் அந்தச் சுண்ணாம்பை அடிக்காமல் விட்டிருந்தால்..." என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் மாயாண்டி கரைந்துபோவார். வீட்டுக்கு வரும் வழியில் வேனை ஓரமாக நிறுத்தி, தன் வலது கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். இரவல் வாங்கி வந்த கைபோல் இருக்கும்.

மழைக்காலம் வந்தது. விடியற்காலையில் மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் இறங்கியது. பின்னாலிருந்து ஆறும் ஏறியது. மாயாண்டி கதவைக் கழற்றப் பவித்ரன் வீட்டுக்கு ஓடினார். தினேஸ்வரி அவரைப் பார்த்தாள். மழைக்குள்ளேதான் பல மாதத்து மௌனம் உடைந்தது.

"தூக்குங்கண்ணே."

தோட்டத்தில் மேடான இடம் பழைய பெரட்டுக்களம். ரப்பர் காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்த திடல். அங்கே இருக்கும் பொது மண்டபத்துக்குப் பவித்ரனைத் தூக்கிப் போனார்கள். மண்டபத்துக்குள்ளும் கணுக்காலளவு தண்ணீர். மேசைமேல் கதவை வைத்து, கதவின்மேல் பவித்ரனை வைத்தார்கள்.

அப்போதுதான் படகுகள் வந்தன. மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். காப்பாற்ற வந்துவிட்டார்கள்!

படகுகள் ஆட்களை ஏற்ற வரவில்லை. இறக்க வந்திருந்தன. ஈயக்குட்டைப் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மக்களை, சிவப்பு மண்டலத்தில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, காய்ந்த வீடுகளிலிருந்து எழுப்பி, பாய் தலையணையோடு பச்சை மண்டலத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வரைபடத்தின்படி மிக அருகில் இருந்த பாதுகாப்பான இடம் சின்னக்கல் தோட்டத்து மண்டபம்தான். நஸீரா என்ற அம்மாள் கையில் அடுப்போடு இறங்கி, தண்ணீரைப் பார்த்து, மாயாண்டியைப் பார்த்து, "அங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்களே அண்ணே. என் வீட்டுல சாம்பல்கூட நனையல. எதுக்கு எங்களை இங்க கொண்டாந்தாங்க?" என்றாள்.

முதல் படகிலிருந்து ஒலிபெருக்கி பேசியது. "இது பச்சை மண்டலம். பதற்றம் வேண்டாம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். மேசைமேல் ஏறி நிற்பவர்கள் தயவுசெய்து இறங்கி, புதிதாக வந்தவர்களுக்கு இடம் கொடுக்கவும்."

மேசைமேல் கிடந்த பவித்ரன், "எனக்கு இறங்க ஆசைதான் லா," என்றார். அவர் குரலில் கபம் கட்டியிருந்தது.

இரண்டாவது படகில் சிவானந்தன் நின்றிருந்தார். ஆரஞ்சு அங்கி, புகைப்படக்காரர் சகிதம். மாயாண்டி தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடினார். அதிகாரி வந்துவிட்டார். தண்ணீரும் நிற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில்!

"சார்! பாருங்க சார்! உங்க கண் முன்னால! அளந்துக்குங்க சார்!"

சிவானந்தன் தண்ணீரைப் பார்த்தார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கனிவாகக் குனிந்தார்.

"மாயாண்டி, நான் இண்டைக்கு நிவாரணப் பிரிவுக்காக வந்தனான். வரைபடப் பிரிவுக்காக வரேல்லை. இந்த அங்கியைப் போட்டிருக்கேக்குள்ள எனக்குத் தண்ணியை அளக்கிற அதிகாரம் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதேங்கோ. தண்ணி வடியட்டும். தடம் விழும். இந்த முறையாவது சுண்ணாம்பு அடிச்சுப்போடாதேங்கோ."

புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் இருவரும் கைகுலுக்குவது போல் விழுந்தது. உண்மையில் மாயாண்டி படகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் பவித்ரன் நெஞ்சில் சளி இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். புந்தோங்கில் தினேஸ்வரியின் அண்ணன் வீட்டில் ஓர் அறை இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டது மாயாண்டியின் வேன்தான். பின்சீட்டுகளைக் கழற்றிக் கட்டிலைப் போட்டிருந்தார். வழியெல்லாம் பவித்ரன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "அங்கிள், என்னை எழுப்பிடாதீங்க, ஊரைச் சுத்துங்க," என்று கேலி பேசிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நிஜமாகவே தூங்கிவிட்டார். மாயாண்டி ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

இறக்கிவிட்டுத் திரும்பும்போது தினேஸ்வரி வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மேல கோவம் இல்லண்ணே. நீங்கதான் தூக்கினீங்க. ஆனா... அந்தச் சுண்ணாம்பை மட்டும் அடிக்காம இருந்திருக்கலாம்."

அவளுடைய வீடு பூட்டியே கிடந்தது. முன்சுவரில் புதுக் கோடு, ஜன்னலுக்கும் மேலே. மாயாண்டி தினமும் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆடு உரசப் போனால் எழுந்து விரட்டினார். குழந்தைகள் பந்து அடித்தால் பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். தீபாவளிக்கு வெள்ளை அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து ஓடிவிட்டார். அதிகாரி வரும்வரை அந்த அழுக்கை ஒருவரும் தொடக் கூடாது.

அதிகாரி வந்தார். மாதுமை. வாரியத்துக் காரில், கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு விருதோடு. சின்னக்கல் தோட்டத்தை ஆண்டின் சிறந்த நிவாரண மையமாக வாரியம் தேர்ந்தெடுத்திருந்தது.

"அங்கிள்," என்றாள். விருதை நீட்டவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாம்மா. நாடா கொண்டாந்தியா? பாரு, தொடவே இல்ல. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு படல. அளந்துக்கோ."

மாதுமை சுவரைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். "இந்த வீட்டுல இருந்தவங்க?"

"புந்தோங் போயிட்டாங்க. என்னால." மாயாண்டி சிரிக்க முயன்றார். "உங்கப்பா எனக்காக அவ்வளவு பாடுபட்டாரு. நான் ஒரு வாளி சுண்ணாம்புல எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற வேனின் படியில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் உட்கார்ந்த அதே படி. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அளக்க வரல அங்கிள். அளந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

மாயாண்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். இத்தனை மாதமாகக் காப்பி குடித்த வயிறு, பெருமூச்சு கேட்ட காது, எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கேள்வியாக வந்தது.

"மாதுமா, உன்னைத் தூங்கறப்போகூட எழுப்புனதில்ல நான். எனக்கு ஒரே ஒரு பதில் நேரா சொல்லிடு. நான் அன்னிக்கிச் சுண்ணாம்பு அடிக்காம இருந்திருந்தா, இந்த இடம் சிவப்பாயிருக்குமா?"

மேட்டில் மண்வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மாதுமை அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இருக்காது அங்கிள். அந்தத் தாமான் தண்ணி எங்கயாவது இறங்கணும். சிவப்புல விட முடியாது. பச்சையிலதான் விடலாம். நீங்க வாளியைத் தொடுறதுக்கு முன்னாடியே உங்க இடத்துக்குப் பச்சை போட்டாச்சு. போட்டது நான். போடச் சொன்னது அப்பா. ஆளுங்க சுவரைப் பாக்க வந்ததெல்லாம் சும்மா, வந்தோம்னு காட்டறதுக்கு."

மாயாண்டி சுவரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"அப்போ ஏம்மா உங்கப்பா... சுண்ணாம்பு, சுண்ணாம்புன்னு..."

மாதுமை விருதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"உங்ககிட்டச் சொல்ல அப்போ எங்ககிட்ட ஒரு காரணமும் இல்ல அங்கிள். அதை நீங்களாத்தான் கொண்டாந்து குடுத்தீங்க."